தமிழ்ப் பாடவேளைக்குள் கைவேலைக்கு இடம் தாருங்கள்

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பாடத்திட்டமும் கால அட்டவணையும் வகுக்கும் பெருமக்களுக்கு,

வணக்கம்.

இராமநாதபுரம் மாவட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இடைநிலை ஆசிரியையாகப் பணியாற்றுகிறேன். எங்களுடையது ஈராசிரியர் பள்ளி. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் என் பொறுப்பு. நான்கும் ஐந்தும் தலைமையாசிரியர் பொறுப்பு. பத்தொன்பது ஆண்டுகளாகச் சின்னக் குழந்தைகளோடுதான் இருக்கிறேன். அந்த உரிமையில் இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற மழைக்காலத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டாம் வகுப்புக் குழந்தைகள் காகிதக் கப்பல் செய்தார்கள். செய்து முடித்ததும், எப்படிச் செய்தோம் என்பதை ஒவ்வொருவரும் ஒரு துண்டுத் தாளில் எழுதினார்கள். பிறகு தாள்களை மாற்றிக்கொண்டார்கள். கைக்கு வந்த தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. ஒரு சிறுமியின் தாள் பக்கத்தில் இருந்த பையனிடம் போனது. அவன் எழுத்துக் கூட்டிப் படித்தான்: "காகிதத்தை மாடி." சற்று விழித்தான். பிறகு எழுந்து போய், நாற்காலியில் ஏறி, அலமாரியின் உச்சியில் காகிதத்தை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். வகுப்பே சிரித்தது. எழுதியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அவன் கையிலிருந்த தாளைப் பிடுங்கி, துணைக்காலை அழித்து, "மடி" என்று ஆக்கிக் கொடுத்தாள்.

குறில் நெடில் வேறுபாட்டை அதற்கு முன் அவளுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சிவப்பு மையால் சுழித்துக் காட்டியிருக்கிறேன். அந்தச் சுழி அவளுக்கு டீச்சரின் கோபமாக மட்டுமே தெரிந்தது. அலமாரி மேல் போய் உட்கார்ந்த காகிதம்தான் துணைக்கால் என்ன செய்யும் என்பதை அவளுக்குக் காட்டியது.

நான் உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. கைவேலையைத் தனிப் பாடவேளையாக, ஆண்டுக் கடைசிக் கண்காட்சியாக, நேரம் மிஞ்சினால் செய்யும் பொழுதுபோக்காக வைக்காதீர்கள். அதைத் தமிழ்ப் பாடவேளைக்குள் கொண்டுவாருங்கள். கையால் செய்வதும், செய்ததைச் சொல்வதும், சொன்னதை எழுதுவதும், எழுதியதை இன்னொருவர் படித்துச் செய்து பார்ப்பதும் ஒரே பாடம் என்று அட்டவணையிலேயே எழுதுங்கள்.

ஐந்து வயதில் முதல் வகுப்புக்கு வரும் குழந்தையின் கையைத் தொட்டுப் பாருங்கள். பெரியவர்களின் மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எட்டும் வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக இறுகி எலும்பாகி முடிய ஏறக்குறையப் பத்து வயதாகிவிடுகிறது. அந்தப் பிஞ்சுக் கையில் முதல் நாளே பென்சிலைக் கொடுத்து, "அ எழுது" என்கிறோம். சுழியும் வளைவும் குறுக்குக் கோடும் கீழிறங்கும் கோடும் சேர்ந்த எழுத்து அது. குழந்தை பென்சிலை முழுக் கையாலும் இறுக்கிப் பிடிக்கிறது. முனை ஒடிகிறது, தாள் கிழிகிறது, கை வலிக்கிறது. பள்ளிக்கூடம் என்றால் கை வலிக்கும் இடம் என்று அந்தக் குழந்தை முடிவு செய்ய ஒரு வாரம் போதும்.

என் வகுப்பில் ஜூன் மாதத்தின் முதல் இரண்டு வாரங்களுக்குப் பென்சில் கிடையாது. கண்மாய்க் களிமண் உண்டு. பிசைவார்கள், உருட்டுவார்கள், திரியாகத் திரிப்பார்கள். அந்தத் திரியை மடக்கி "ட" செய்வார்கள், பிறகு "ப". ஒரு மாதம் கழித்து அதே திரியில் "ண" செய்யச் சொல்வேன். மூன்று சுழி ண, இரண்டு சுழி ன என்று நாம் வாயால் ஓயாமல் சொல்கிறோம். நான்காம் வகுப்பு வரை குழப்பம் தீர்வதில்லை. மண் திரியில் அந்த எழுத்தைச் செய்கிற குழந்தை சுழிகளை எண்ணாமல் முடிக்க முடியாது. விரல் எண்ணுகிறது. மறுநாள் புளியங்கொட்டையால் அதே எழுத்தை அடுக்கும்போது, திரும்பவும் எண்ணுகிறது. பென்சில் கைக்கு வரும் நேரத்தில் எழுத்தின் வழி கைக்குத் தெரிந்திருக்கிறது. பென்சிலைப் பிடிக்கும் வலுவும் வந்திருக்கிறது.

இது நான் கண்டுபிடித்ததல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி விரலால்தான் எழுதினார்கள். சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் குழந்தைகளுக்கென இருந்த பள்ளிக்கு 1789இல் பொறுப்பேற்ற ஆன்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், உள்ளூர்க் குழந்தைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தம் பள்ளிக்குக் கொண்டுபோனார். முன்னால் கற்றவர் பின்னால் வருபவருக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து, 1797இல் லண்டனில் அதைப் பற்றி நூல் வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் மணல் தட்டு இங்கிலாந்துப் பள்ளிகளுக்குப் போனது. ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டு கழித்து இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை விரலால் தடவவைக்கும் தம் முறையோடு 1939இல் அடையாறுக்கு வந்து, பிரம்மஞான சபை வளாகத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். உலகப் போரால் ஊர் திரும்ப முடியாமல் சில ஆண்டுகள் கொடைக்கானலிலும் இருந்தார். இன்று அவர் பெயரைப் பலகையில் எழுதிக் கட்டணம் வாங்கும் பள்ளிகள் நகரந்தோறும் உண்டு. மணலும் களிமண்ணும் காசில்லாமல் கிடைக்கிற எங்கள் ஊர்ப் பள்ளியில் அதே அறிவு நுழைய ஏன் தயங்க வேண்டும்?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன், அது உண்மையாகாது. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் என்னைப் போன்ற ஆசிரியர்களை நாற்காலியிலிருந்து எழுப்பிப் பாயில் உட்காரவைத்தது. குழந்தையின் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை வந்தது. செய்ததைத் தொங்கவிடத் தலைக்கு மேல் கம்பிப் பந்தல் வந்தது. ஆனால் குழந்தையின் கைக்கு வந்த அட்டைகள் பெரியவர்கள் செய்து கொடுத்தவை. கற்றல் ஏணி என்ற படிவரிசையில் அட்டை அட்டையாக ஏறுவதிலேயே நாள் போனது. தான் செய்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பற்றிப் பேச நேரம் இல்லாமல் போனது. கம்பி மட்டும் இன்னும் என் வகுப்பறையில் இருக்கிறது. அதை நான் விடவில்லை.

2022 ஜூனில் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது மனமார வரவேற்றேன். எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்குப் போட வேண்டும் என்ற இலக்கு நியாயமானது. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்ததால், பின்தங்கிய குழந்தை யார் என்று எனக்கே தெளிவாகத் தெரிந்தது. பாட்டும் கதையும் பொம்மையும் அதில் உண்டு. ஆயினும் என் வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன்: பயிற்சி நூலின் பக்கம் நிரம்பியதா என்பதே வேலைக்கு அளவாகிவிட்டது. கைக்கான நேரம் மீந்த நேரமானது. மூன்று வகுப்புகளை ஒருவர் பார்க்கும் பள்ளியில் மீந்த நேரம் என்று ஒன்று இல்லை.

வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களுக்கு நுழை, நட, ஓடு, பற என்று நிலைப்பெயர் வைத்தவர் யாரோ, அவருக்குக் குழந்தைகளையும் தெரிந்திருக்கிறது, தமிழையும் தெரிந்திருக்கிறது. நான்கும் வினைச்சொற்கள். நான்கும் ஏவல். நம் மொழியில் பெரும்பாலும் வினையின் வேர்ச்சொல்லே ஏவலாகவும் நிற்கும். ஒரு சொல்லே முழு வாக்கியம். முதல் வாக்கியம் எழுதப்போகும் குழந்தைக்கு இதைவிடப் பெரிய வசதி வேண்டுமா? கைவேலையில் அந்தச் சொற்கள் தாமாக வந்து குவிகின்றன. மடி. கிழி. ஒட்டு. கட்டு. உருட்டு. பிசை. பின்னு. நுழை. இழு. எல்லாம் இரண்டு முதல் நான்கு எழுத்துச் சொற்கள். குழந்தை கையால் செய்துகொண்டே வாயால் சொல்கிற சொற்கள். அவற்றையே எழுதினால் செய்முறை ஆகிவிடுகிறது. செய்து முடித்த பிறகு "மடித்தேன், ஒட்டினேன்" என்று எழுதினால் இறந்த காலம். நாளை என்ன செய்வாய் என்றால் "பின்னுவேன்". காலங்காட்டும் இடைநிலையைப் பெயர் சொல்லாமலே கற்றுவிடுகிறார்கள். மடி - மாடி, ஒட்டு - ஓட்டு, கட்டு - காட்டு என்று ஒரு துணைக்காலோ ஒரு நெடிலோ பொருளைப் புரட்டிப் போடுகிற இணைகளும் இந்தச் சொற்களிலேயே கிடைக்கின்றன. "கப்பலை ஓட்டு" என்று படித்த ஒருவன் பசையைத் தொடாமல் கப்பலோடு முற்றத்துக்கு ஓடியதும் எங்கள் பள்ளியில் நடந்ததுதான்.

மூன்று வகுப்பு ஓரறையில் இருப்பதும் இந்த வேலைக்குத் தடையல்ல. ஒன்றாம் வகுப்புக் குழந்தை செய்துகொண்டே சொல்லும். இரண்டாம் வகுப்பு அந்தச் சொல்லை எழுதும். மூன்றாம் வகுப்பு அவற்றைக் கோத்து "முதலில், பிறகு, கடைசியாக" என்று வரிசைப்படுத்தும். பயிற்சி நூலில் மூன்று வகுப்பும் மூன்று திசையில் இருக்கும். களிமண்ணைச் சுற்றி மூன்றும் ஒன்றாக உட்காரும்.

எங்கள் ஊரில் பனை உண்டு. மாநில மரம் என்று பாடநூலில் படம் பார்ப்பதற்கு முன்பே எங்கள் குழந்தைகள் அதன் நிழலில் விளையாடியவர்கள். நுங்குக் கூந்தலில் வண்டி செய்வார்கள், ஓலையில் காற்றாடி செய்வார்கள். ஒருநாள் ஒரு மாணவியின் பாட்டியைக் கொட்டான் என்ற சிறு ஓலைப் பெட்டி முடையக் கற்றுக்கொடுக்க அழைத்தேன். எழுபதைத் தாண்டியவர். பள்ளிக்குள் அதுவரை வாக்குப் போட மட்டுமே வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, "எனக்கு எழுத்துத் தெரியாதே தாயீ, நான் என்ன சொல்லிக்கொடுப்பேன்?" என்று நின்றார். உள்ளே வந்து உட்கார்ந்து குருத்தோலையைக் கையில் எடுத்ததும் அந்தத் தயக்கம் போய்விட்டது. ஈர்க்கை உருவினார். ஓலையை ஒரே அகலத்தில் கிழித்தார். ஒன்று விட்டு ஒன்று நுழைத்தார். குழந்தைகள் சுற்றி அமர்ந்து செய்தார்கள். பெரும்பாலானவை கோணல்மாணலாக வந்தன.

மதியம் அவரை அனுப்பவில்லை. காலையில் செய்ததை மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் எழுதி, அவருக்கே படித்துக் காட்டினார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு இடத்தில் நிறுத்தினார். "ஓலையை நனைக்காமல் எப்படி முடைவாய்? ஒடிந்துபோகுமே. அதை எழுதவில்லையே." அடுத்து, "மூலை மடக்குவதை இவ்வளவு சீக்கிரம் சொல்லிவிட்டால் புதிதாய்ச் செய்கிறவளுக்கு எப்படி விளங்கும்?" குழந்தைகள் இரண்டையும் சேர்த்து எழுதினார்கள். திரும்பவும் படித்தார்கள். அவர் தலையாட்டினார். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவர் எங்கள் குழந்தைகளின் கட்டுரையைத் திருத்திக் கொடுத்தார். எது விடுபட்டது, எது அவசரப்பட்டது என்று அவர் சொன்னதைப் போல என் சிவப்பு மை ஒருநாளும் சொன்னதில்லை.

அன்றைக்கு அவர் வாயிலிருந்து விழுந்த சொற்களையும் குழந்தைகள் சீட்டுகளில் எழுதிக் கம்பிப் பந்தலில் தொங்கவிட்டார்கள். ஓலை, குருத்து, ஈர்க்கு, நார், மட்டை, கருக்கு, பாளை, பெட்டி, கடகம், தாழை. ஓலையில் வருவது எந்த ல, பாளையில் வருவது எந்த ள, கடற்கரைத் தாழையில் வருவது எந்த ழ என்ற கேள்விக்கு அந்தச் சீட்டுகள் பதிலாக இருந்தன. பொருளைத் தொட்ட விரலுக்கு எழுத்து மறப்பதில்லை. இப்போதும் எழுதும்போது ஐயம் வந்தால் அந்தக் குழந்தைகள் என்னைக் கேட்பதில்லை. தலையை உயர்த்திக் கம்பியைப் பார்க்கிறார்கள்.

இந்த இடத்தில் உங்களில் பலருக்கு 1953 நினைவுக்கு வரும். வர வேண்டும். கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் குழந்தைகள் பழக வேண்டும் என்று இராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்தது தமிழ்நாடு. பெரியார் களத்தில் நின்றார். 1954இல் இராஜாஜி பதவி விலகினார், காமராசர் முதல்வரானார், திட்டம் கைவிடப்பட்டது. அந்தப் போராட்டம் நடந்திராவிட்டால் நான் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். என் தாத்தா பனையேறி. நெஞ்சுத் தோல் காய்த்துப்போன அந்த மனிதர், தம் மகன் மரம் ஏறக் கூடாது என்பதற்காகவே அவரைப் பள்ளிக்கு அனுப்பினார். என் தந்தை எழுத்தர் ஆனார். நான் ஆசிரியை ஆனேன். கைவேலை என்ற சொல்லைப் பள்ளிக்குள் யார் கொண்டுவந்தாலும் ஐயத்தோடு பார்க்கும் கண் எனக்கும் இருக்கிறது. அந்தக் கண்ணோடுதான் இதைக் கேட்கிறேன்.

அந்தத் திட்டம் குழந்தையைப் பள்ளியிலிருந்து வெளியே, தந்தையின் தொழிலுக்கு அனுப்பியது. நான் கேட்பது பொருளை வகுப்பறைக்குள், எழுத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவது. அங்கே எந்தக் குழந்தை எதைச் செய்யும் என்பதைப் பிறப்பு சொன்னது. இங்கே எல்லாக் குழந்தையும் எல்லாவற்றையும் செய்யும். பையன்கள் பொத்தான் தைப்பார்கள். அலுவலர் வீட்டுப் பிள்ளையும் களிமண் பிசையும். படிப்பு நேரத்தில் ஒரு நிமிடமும் குறையாது, ஏனென்றால் இதுவே படிப்பு நேரம். "இது உங்கள் வீட்டுத் தொழில்தானே, உனக்குத் தெரிந்திருக்குமே" என்ற சொல் எந்த ஆசிரியர் வாயிலிருந்தும் வரக் கூடாது என்று பயிற்சியின் முதல் மணி நேரத்திலேயே சொல்லுங்கள், எழுத்தில் கொடுங்கள். 1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியிலும் நான் ஒரு படி விலகியே நிற்கிறேன். கையிலிருந்து அறிவுக்குப் போக வேண்டும் என்ற அவர் சொல்லை ஏற்கிறேன். குழந்தைகள் செய்யும் பொருள் பள்ளிச் செலவை ஈடுகட்ட வேண்டும் என்ற எண்ணத்தை ஏற்க மாட்டேன். ஆறு வயதுக் குழந்தை செய்த எதுவும் விற்பனைக்கு இல்லை. விலை வந்துவிட்டால் கோணல் கொட்டானுக்கு இடம் இருக்காது. கோணல் கொட்டானைப் பற்றி எழுதத்தான் ஒரு குழந்தைக்கு நிறைய இருக்கிறது.

கண்காட்சிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். முன்பு நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஒரு மூன்றாம் வகுப்புப் பையன் கொண்டுவந்த தெர்மாகோல் கோயிலுக்கு முதல் பரிசு கிடைத்தது. கோபுரம், கலசம், சுற்றுச்சுவர், பேட்டரி விளக்கு, எல்லாம் கச்சிதம். "இதை எப்படிச் செய்தாய், இரண்டு வரி எழுது" என்றேன். நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு "மாமா வாங்கினார்" என்று எழுதினான். பொய் சொல்லத் தெரியாத குழந்தை. எழுதிவிட்டு அழுதான். கோப்பையைத் திருப்பிக் கேட்டுவிடுவேனோ என்று பயம். ஒரு குழந்தையின் கையையும் தொடாத பொருளுக்குப் பரிசு கொடுத்து, அந்தக் குழந்தையை வெட்கப்படவைத்தோம். ஆகவே பரிசும் போட்டியும் இந்த வேலையில் வேண்டாம் என்று உங்களை மிகவும் கேட்டுக்கொள்கிறேன். வீட்டுப்பாடமாகவும் வேண்டாம். கடையில் வாங்கிய எதுவும் வேண்டாம். வகுப்பறையில், எங்கள் கண்முன், அவர்கள் கையால் மட்டும்.

ஏன் அட்டவணையில் எழுதித் தரும்படி கேட்கிறேன் என்பதற்கு என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் பார்வைக்கு வந்த அலுவலர் ஒருவர் களிமண் கைகளைப் பார்த்துவிட்டு, "பாடம் எப்போது நடக்கும்?" என்று கேட்டார். இதுதான் பாடம் என்று சொல்ல எனக்கு அன்று துணிவு வரவில்லை. குழந்தைகளைக் கை கழுவிவரச் சொன்னேன். பாதி செய்த எழுத்துகளை அப்படியே தட்டோடு தூக்கி மூலையில் வைத்தேன். அவர் போன பிறகு எடுத்துப் பார்த்தால் மண் காய்ந்து வெடித்திருந்தது. ஒரு சிறுவன் தன் "ழ"வை இரண்டு துண்டாக எடுத்துக்கொண்டு வந்து நின்றதை இன்றும் மறக்க முடியவில்லை. அந்த அலுவலரைக் குறை சொல்லவில்லை; அவர் கையில் இருந்த படிவத்தில் களிமண்ணுக்குக் கட்டம் இல்லை. அந்தக் கட்டத்தைப் போட வேண்டியவர்கள் நீங்கள்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலைநாள், 800 மணி நேரக் கற்பித்தல் என்று சொல்கிறது. நான் கேட்பது வாரத்துக்கு அடுத்தடுத்த இரண்டு பாடவேளைகள், 80 நிமிடம். நாற்பது வாரத்துக்குக் கணக்கிட்டால் 53 மணி நேரம். எண்ணூறில் பதினைந்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்து இருக்க வேண்டும் என்பது முக்கியம். நாற்பது நிமிடத்தில் செய்து முடித்துவிடலாம். எழுத நேரம் இருக்காது. எழுத்தை மறுநாளைக்குத் தள்ளினால் கையின் சூடு ஆறிவிடும்.

பொருளுக்குப் பெரிய நிதி வேண்டாம். களிமண், ஓலை, பழைய செய்தித்தாள், புளியங்கொட்டை, உதிர்ந்த இலை ஆகியவை ஊரில் உண்டு. சத்துணவில் கிடைக்கும் முட்டையின் ஓட்டைக் கழுவி உலர்த்தி நொறுக்கினால், எழுத்தின் மேல் ஒட்டிப் படம் செய்ய அருமையான பொருள். வாங்க வேண்டியவை முனை மழுங்கிய கத்தரிக்கோல், பசை, கொஞ்சம் வெள்ளைத் தாள். இவற்றை அனுப்பும்போது எல்லாப் பள்ளிக்கும் ஒரே பெட்டியாக, ஒரே வடிவ வெட்டுத்தாள்களாக அனுப்பாதீர்கள். நீலகிரியில் ஓலை இல்லை. எங்களிடம் மூங்கில் இல்லை. அந்தந்த ஊரின் பொருளில்தான் அந்தந்த ஊரின் சொற்கள் இருக்கின்றன.

இந்த வேலையைப் படம் எடுத்துப் பதிவேற்றச் சொல்லாதீர்கள். ஒரு கையில் கைபேசியைப் பிடித்துக்கொண்டு ஆறு வயதுக் குழந்தைக்கு முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுக்க முடியாது. சான்று வேண்டுமென்றால் நேரில் வந்து குழந்தைகளின் புத்தகங்களைப் படியுங்கள். ஆம், புத்தகங்கள். ஒரு ஏ4 தாளை எட்டாக மடித்து நடுவில் ஒரே ஒரு வெட்டுப் போட்டால், பசையும் தையலும் இல்லாமல் அட்டை உட்பட எட்டுப் பக்கப் புத்தகம் கிடைக்கும். விரித்துப் பார்த்தால் பாதிப் பக்கம் தலைகீழாக இருக்கும். எந்தக் கட்டத்தில் எந்தப் பக்கம் வரும் என்று கண்டுபிடிக்க எங்கள் நான்காம் வகுப்புக் குழந்தைகள் ஒரு மணி நேரம் போராடினார்கள். அதுவே ஒரு கணக்குப் பாடம். கொட்டான் முடைவது, கண்மாயில் கொக்கு, அம்மாவின் தையல் எந்திரம், தொலைந்த ஆட்டுக்குட்டி என்று பலவற்றை எழுதியிருக்கிறார்கள். அட்டையில் "ஆசிரியர்" என்று போட்டுத் தங்கள் பெயரை எழுதச் சொன்னேன். ஒரு பையன் திகைத்து, "ஆசிரியர் நீங்கள்தானே டீச்சர்?" என்றான். எழுதியவருக்கும் அதுதான் பெயர் என்றேன். அன்று முழுவதும் அவர்கள் ஒருவரை ஒருவர் ஆசிரியரே என்றுதான் கூப்பிட்டுக்கொண்டார்கள். அந்தப் புத்தகங்கள் எங்கள் படிப்பு மூலையில் அச்சு நூல்களுக்குப் பக்கத்தில் ஒரே கயிற்றில் தொங்குகின்றன. அதிகம் கசங்கியவை அவைதாம்.

கடைசியாக, ஆசிரியர் பயிற்சி. எங்களைக் கூட்ட அரங்கில் உட்காரவைத்துத் திரையில் படம் காட்டாதீர்கள். கையில் ஓலையைக் கொடுங்கள். நாங்களும் கோணலாக முடைந்து, அதை எழுதி, பக்கத்து ஒன்றியத்து ஆசிரியரிடம் கொடுத்து, அவர் அதைப் படித்துச் செய்ய முடியாமல் திணறட்டும். எழுதுவது எவ்வளவு கடினம் என்று எங்களுக்கு மறந்து பல காலம் ஆகிறது. கற்றுக்கொடுக்க, எழுத்துத் தெரியாத ஒரு பாட்டியையும் அழையுங்கள். அவருக்கு வரும் வழிச்செலவையும் ஒரு நாள் மதிப்பூதியத்தையும் தயவுசெய்து கொடுங்கள்.

வரும் ஜூனில் எங்கள் பள்ளியில் முதல் வகுப்புக்குப் பதினோரு குழந்தைகள் சேர்கிறார்கள். பெயர் கொடுத்துவிட்டார்கள். களிமண்ணை மே மாதத்திலேயே எடுத்துவைத்துவிடுவேன். கண்மாய் அப்போதுதான் வற்றியிருக்கும். பள்ளி திறப்பதற்குள் புதிய அட்டவணையை அனுப்பிவையுங்கள்.

இங்ஙனம்,
இடைநிலை ஆசிரியை ஒருவர்,
இராமநாதபுரம் மாவட்டம்